எதிர்த்து நின்றவருக்கு அமைச்சர் பதவி

எதிர்த்து நின்றவரைத் தம் அமைச்சரவையில் சேர்த்துக்கொள்ளும் தலைவருக்குப் பெருந்தன்மையாளர் என்ற பெயர் எளிதில் கிடைத்துவிடுகிறது. அந்தப் பெயருக்கு உரியவர்கள் இருந்திருக்கிறார்கள். மலேசியாவில் 2022 டிசம்பரில் நடந்தது வேறு. மலாயாத் தோட்டங்களில் கங்காணி காலத்தில் தலைக்காசு என்று ஒன்று இருந்தது. கங்காணி பெரட்டுக்கு (காலை ஆள் கணக்கெடுப்புக்கு) கொண்டுவந்து நிறுத்தும் ஆள்களை எண்ணி, தலைக்கு இவ்வளவு என்று தோட்ட நிர்வாகம் அவருக்குக் கொடுத்த பணம் அது. ஆள் குறைந்தால் காசும் குறையும். அன்வார் இப்ராஹிமின் ஒற்றுமை அரசாங்கத்தில் பழைய எதிரிகளுக்குக் கிடைத்த நாற்காலிகள் தலைக்காசாகக் கொடுக்கப்பட்டவை. அதனால்தான் தலை எண்ணிக்கை இல்லாத தமிழருக்குக் கிடைத்த ஒரே நாற்காலி ஓராண்டோடு பறிபோனது.

15ஆவது பொதுத்தேர்தல் 2022 நவம்பர் 19ஆம் நாள் நடந்தது. 222 இடங்கள் கொண்ட மக்களவையில் ஆட்சியமைக்க 112 உறுப்பினர்கள் வேண்டும். மூடா கட்சியையும் சேர்த்து அன்வாரின் நம்பிக்கைக் கூட்டணிக்கு 82 பேர். முகிதீன் யாசினின் பெரிக்காத்தான் நேஷனல் அதற்கு அடுத்து நின்றது. அறுபது ஆண்டுக்கு மேல் நாட்டை ஆண்ட அம்னோவின் தேசிய முன்னணி 30 இடங்களோடு மூன்றாம் இடத்துக்குத் தள்ளப்பட்டது. ஐந்து நாள் இழுபறிக்குப் பின் மாமன்னர் அல்-சுல்தான் அப்துல்லா நவம்பர் 24ஆம் நாள் அன்வாரைப் பத்தாவது பிரதமராக நியமித்தார். டிசம்பர் 3ஆம் நாள் பதவியேற்ற அமைச்சரவையில் பிரதமரையும் சேர்த்து 28 பேர். அவர்களில் ஆறு பேர் தேசிய முன்னணியினர். அம்னோ தலைவர் அகமட் ஸாஹிட் ஹமிடி துணைப் பிரதமர் ஆனார். சரவாக்கின் ஃபாடில்லா யூசோப் இன்னொரு துணைப் பிரதமர்.

மலாக்கா மக்கள் அந்தத் தேர்தலில் சொன்னது என்ன? மாநிலத்தின் ஆறு நாடாளுமன்றத் தொகுதிகளில் மூன்றை நம்பிக்கைக் கூட்டணிக்கும் மூன்றைப் பெரிக்காத்தானுக்கும் கொடுத்தார்கள். செர்காமும் மெர்லிமாவும் அடங்கிய ஜாசின் தொகுதி பெரிக்காத்தான் பக்கம் போனது. தேசிய முன்னணிக்கு ஓர் இடம்கூட இல்லை. அதே மலாக்கா ஓராண்டுக்கு முன்புதான், 2021 நவம்பர் 20ஆம் நாள் நடந்த சட்டமன்றத் தேர்தலில், 28 இடங்களில் 21ஐத் தேசிய முன்னணிக்கு அள்ளிக் கொடுத்திருந்தது. மாநிலத்தில் தூக்கிவிட்டவர்களையே ஓராண்டில் நாடாளுமன்றத்துக்கு அனுப்ப மறுத்த வாக்காளர், இரண்டே வாரத்தில் அந்தக் கட்சியின் தலைவரைத் துணைப் பிரதமராகப் பார்த்தார். அரசமைப்புச் சட்டப்படி அதில் குற்றம் எதுவும் இல்லை. ஆனால் யாருக்கு வாக்குப் போட்டாலும் அதே முகங்கள்தாமா என்று வாக்காளர் கேட்டால், அந்தக் கேள்வியில் நியாயம் உண்டு.

ஸாஹிட்டும் அன்வாரும் முதலிலிருந்தே எதிரிகள் அல்லர். 1998இல் ஸாஹிட் அம்னோ இளைஞர் பிரிவின் தலைவர், அன்வாரின் ஆதரவாளர். அந்த ஆண்டு அம்னோ பொதுப்பேரவையில் குடும்ப ஆதிக்கத்தையும் வேண்டியவர்களுக்கு வாரி வழங்கும் வழக்கத்தையும் எதிர்த்துக் குரல் கொடுத்தவர் அவர். செப்டம்பரில் அன்வார் பதவி நீக்கப்பட்டபோது ஸாஹிட்டும் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் கைதானார். பிறகு பாதை மாறியது. அன்வார் சிறைக்கு உள்ளேயும் வெளியிலுமாக இருபது ஆண்டு அலைந்தார்; ஸாஹிட் அமைச்சராகவும் துணைப் பிரதமராகவும் உயர்ந்தார். அன்வாரும் வேண்டாம், ஜனநாயகச் செயல் கட்சியும் (ஜ.செ.க.) வேண்டாம் என்பது அம்னோவின் கட்சி முழக்கமாகவே ஆனது. 2022 டிசம்பரில் ஸாஹிட் பதவியேற்றபோது யாயாசான் அகால்பூடி அறநிதி தொடர்பான 47 குற்றச்சாட்டுகள் அவர்மீது உயர்நீதிமன்ற விசாரணையில் இருந்தன. 2023 செப்டம்பர் 4ஆம் நாள் நீதிமன்றம் அவரை அவ்வழக்கிலிருந்து விடுவித்தது. அது விடுவிப்புதான், குற்றமற்றவர் என்ற தீர்ப்பு அன்று. ஊழலை ஒழிப்போம் என்று ஊர் ஊராகச் சொல்லி வாக்குக் கேட்ட கூட்டணிக்கு அது எளிதாகக் கடந்துபோகக்கூடிய நாள் அன்று.

இந்த அமைச்சரவையில் தமிழர் மறக்கக்கூடாத இரண்டு பெயர்கள் உண்டு. ஒன்று வ. சிவகுமார், மற்றொன்று ஸம்ரி அப்துல் காடிர். 2008இல் பேராக் மாநிலத்தில் எதிர்க்கட்சிகளின் மக்கள் கூட்டணி ஆட்சியைப் பிடித்தபோது, துரோனோ சட்டமன்ற உறுப்பினரான சிவகுமார் சபாநாயகர் ஆனார். தோட்டத்துப் பிள்ளைகளும் லயத்து வீடுகளிலிருந்து பட்டணத்துக்கு வந்த குடும்பங்களும் அந்தக் கறுப்பு அங்கியில் ஒரு தமிழரைப் பார்த்து மகிழ்ந்த காலம் அது. 2009 பிப்ரவரியில் மூன்று சட்டமன்ற உறுப்பினர்கள் கூட்டணியை விட்டு விலகினார்கள். ஆட்சி கவிழ்ந்தது; தேசிய முன்னணியின் ஸம்ரி மந்திரி பெசார் ஆனார். சபாநாயகர் சிவகுமார் அவரையும் அவருடைய ஆட்சிக்குழு உறுப்பினர்கள் ஆறு பேரையும் சபையிலிருந்து இடைநீக்கம் செய்தார். மே 7ஆம் நாள் ஈப்போவில் சட்டமன்றம் கூடியபோது நடந்தது நாடறிந்தது. சாதாரண உடையில் வந்த போலீசார் சிவகுமாரைச் சபைக்கு வெளியே இழுத்துச் சென்றார்கள். அந்த இடத்தில் மலேசிய இந்தியர் காங்கிரசின் (ம.இ.கா.) ஆர். கணேசன் சபாநாயகராக அமர்த்தப்பட்டார். இழுத்துச் செல்லப்பட்டவரும் தமிழர்; அவர் இடத்தில் அமர்ந்தவரும் தமிழர். நீதிமன்றங்களில் வழக்கு நடந்து, 2010 பிப்ரவரியில் கூட்டரசு நீதிமன்றம் ஸம்ரியே முறையான மந்திரி பெசார் என்று தீர்ப்பளித்தது.

பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 2022 டிசம்பர் 3ஆம் நாள், இந்த இருவரும் இஸ்தானா நெகாராவில் ஒரே நிகழ்ச்சியில் அமைச்சர்களாகப் பதவி ஏற்றார்கள். ஸம்ரி வெளியுறவு அமைச்சர். சிவகுமார் மனிதவள அமைச்சர். சிவகுமார் பத்து காஜா தொகுதியில் மக்கள் வாக்கால் வென்று வந்தவர். ஸம்ரி லூமுட் தொகுதியில் தோற்றவர். மேலவை உறுப்பினர் பதவி கொடுக்கப்பட்டு அமைச்சரானவர். பழைய பகையை மறந்து இருவரும் ஒரே மேசையில் அமர்ந்ததைப் பாராட்டலாம். பாராட்டத்தான் வேண்டும். ஆனால் 2023 டிசம்பர் 12ஆம் நாள் அமைச்சரவை மாற்றி அமைக்கப்பட்டபோது, ஸம்ரி உயர்கல்வி அமைச்சுக்கு மாற்றப்பட்டார், சிவகுமார் நீக்கப்பட்டார். தோற்றவர் தங்கினார், வென்றவர் வெளியேறினார். மனிதவள அமைச்சு ஸ்டீவன் சிம்முக்குப் போனது. அந்த ஆண்டு ஏப்ரலில் ஊழல் தடுப்பு ஆணையம் சிவகுமாரின் அலுவலக உதவியாளர்களை விசாரித்தது உண்மை. அவர்மீது நீதிமன்றத்தில் குற்றச்சாட்டு எதுவும் கொண்டுவரப்படவில்லை என்பதும் உண்மை. 47 குற்றச்சாட்டோடு ஒருவர் துணைப் பிரதமராக வந்து அமர முடிந்தது; ஒரு குற்றச்சாட்டும் இல்லாதவர் எழுந்து போக நேர்ந்தது. ஸாஹிட்டின் பின்னால் 30 தலைகள் இருந்தன. சிவகுமாரின் பின்னால் இருந்தவை தமிழரின் வாக்குகள் மட்டுமே. அந்த வாக்குகள் எப்படியும் வந்துவிடும் என்று கூட்டணி எண்ணியது.

கோலா சிலாங்கூர்க் கதையும் இதே கணக்குதான். அங்கே தேசிய முன்னணி வேட்பாளரான முன்னாள் நிதி அமைச்சர் தெங்கு ஸாப்ருலைத் தோற்கடித்தவர் நம்பிக்கைக் கூட்டணியின் ஸுல்கிப்ளி அகமட். முதல் அமைச்சரவையில் தோற்ற ஸாப்ருல் மேலவை வழியாக அனைத்துலக வாணிப அமைச்சர் ஆனார். வென்ற ஸுல்கிப்ளி வெளியே நின்றார். சுகாதார அமைச்சு அவருக்குக் கிடைக்க ஓராண்டு ஆயிற்று.

எதிரிகளை அமைச்சரவைக்குள் கொண்டுவருவது மலேசியாவுக்குப் புதிதும் அன்று. 1969 மே கலவரத்துக்குப் பின் பிரதமர் துன் ரசாக், எதிர்க்கட்சியாக இருந்த பாஸ் கட்சியை 1973இல் ஆட்சிக்குள் சேர்த்துக்கொண்டார். அதன் தலைவர் முகமட் அஸ்ரி அமைச்சரானார். 1977 இறுதியில் கிளந்தானில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. பாஸ் தேசிய முன்னணியிலிருந்து வெளியேற்றப்பட்டது. ஐந்தாண்டுக்குள் உறவு முறிந்தது.

2018இல் மகாதீர் முகமட் அமைத்த அமைச்சரவை மலாக்காவுக்கு இன்னும் நெருக்கமானது. 1986 முதல் 1999 வரை கோத்தா மலாக்காவின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த லிம் குவான் எங், மகாதீர் பிரதமராக இருந்தபோதே 1987இல் லாலாங் நடவடிக்கையில் தடுத்து வைக்கப்பட்டவர். மலாக்காவின் முன்னாள் முதலமைச்சர் சம்பந்தப்பட்ட விவகாரத்தில் ஒரு சிறுமிக்காகப் பேசி அச்சிட்டதற்காக 1998இல் சிறை சென்றவர். அவரைத்தான் மகாதீர் 2018இல் நிதி அமைச்சராக்கினார். இருவருமே அன்று பழையதை ஒதுக்கி வைத்தார்கள். ஆனால் ஆட்சி 22 மாதம்தான் நின்றது. 2020 பிப்ரவரியில் அதைக் கவிழ்த்தவர்கள் அந்த இருவரும் அல்லர். உடனிருந்து கட்சி தாவியவர்கள். அதே தாவல் 2020 மார்ச்சில் மலாக்காவிலும் ஆட்சியைக் கவிழ்த்தது. 15 உறுப்பினரோடு இருந்த அரசிலிருந்து நால்வர் போனார்கள். 2021 அக்டோபரில் மறுபடி நால்வர் அடுத்த அரசையும் கவிழ்த்தார்கள். அவர்களில் சிலர் முன்பே தாவியவர்கள். நால்வரில் ஒருவர் முன்னாள் முதலமைச்சர் இட்ரிஸ் ஹாருன். 2018இல் எவரை எதிர்த்து வீடு வீடாக வாக்குக் கேட்டார்களோ, அவரையே நம்பிக்கைக் கூட்டணி 2021இல் அசாஹான் தொகுதியில் தன் வேட்பாளராக நிறுத்தியது. மக்கள் அவரைத் தோற்கடித்தார்கள். எதிரியைச் சேர்த்துக்கொள்வது எல்லாமே நல்லிணக்கம் ஆகிவிடாது என்று மலாக்கா வாக்காளர் அன்றே சொல்லிவிட்டார்கள்.

2022 அக்டோபர் 5ஆம் நாள் நடைமுறைக்கு வந்த கட்சித் தாவல் தடைச் சட்டம் தனி ஆள் தாவுவதைத் தடுத்தது. கட்சிகள் கூட்டாகக் கைகோப்பதை அது தடுக்கவில்லை; தடுக்கவும் கூடாது. அந்த ஆண்டு டிசம்பர் 16ஆம் நாள் ஐந்து அணிகளின் தலைவர்கள் புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். நம்பிக்கைத் தீர்மானத்திலும் வரவு செலவுத் திட்டத்திலும் பிரதமருக்கு ஆதரவாக வாக்களிக்க வேண்டும் என்பது அதன் முதுகெலும்பு. மூன்று நாளில் மக்களவை குரல் வாக்கெடுப்பில் நம்பிக்கைத் தீர்மானத்தை நிறைவேற்றியது. ஆட்சி நிலைத்தது. நாட்டுக்கு நிலையான ஆட்சி தேவைப்பட்ட நேரம் அது என்பதை மறுக்க முடியாது. 2020க்கும் 2022க்கும் இடையில் மூன்று பிரதமர்களைப் பார்த்த நாடு, மறுபடி ஒரு கவிழ்ப்பைத் தாங்கியிருக்காது.

எதிரிக்குப் பதவி கொடுப்பதில் வேறு வழியும் உண்டு என்பதற்குத் தமிழர் வெளியே தேட வேண்டியதில்லை. 1954 ஏப்ரல் 13ஆம் நாள் சென்னை மாநில முதலமைச்சரான காமராசர் எட்டே பேர் கொண்ட அமைச்சரவை அமைத்தார். சட்டமன்றக் கட்சித் தலைவர் தேர்தலில் அவரை எதிர்த்து நின்று தோற்றவர் சி. சுப்பிரமணியம். அந்தப் போட்டியில் சுப்பிரமணியத்தின் பக்கம் நின்றவர் பக்தவத்சலம். இருவரையும் காமராசர் அமைச்சரவையில் சேர்த்தார். 1952 தேர்தலில் காங்கிரசை எதிர்த்து 19 இடங்களில் வென்ற தமிழ்நாடு உழைப்பாளர் கட்சியின் இராமசாமி படையாட்சியாரும் அமைச்சரானார். அந்தத் தேர்தலில் காங்கிரசுக்குத் தனிப் பெரும்பான்மை கிடைக்கவில்லை. 375 இடங்களில் 152தான் வென்றிருந்தது. ஆகவே படையாட்சியாருக்குக் கிடைத்ததில் தலைக்காசின் சாயலும் உண்டு.

சுப்பிரமணியத்துக்குக் கொடுத்தது அப்படிப்பட்டதன்று. அவர் கைக்கு நிதியும் கல்வியும் வந்தன. முந்திய முதலமைச்சர் இராஜாஜியின் அமைச்சரவையில் இருந்தவர் அவர். அந்த அமைச்சரவைதான் கிராமத்துப் பள்ளிப் பிள்ளைகள் அரை நாள் படித்து மீதி நாளைப் பெற்றோரின் தொழிலைக் கற்பதில் கழிக்க வேண்டும் என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது. குலக்கல்வித் திட்டம் என்று மக்கள் அதற்குப் பெயர் வைத்தார்கள்; எதிர்ப்பு ஊரெங்கும் மூண்டது. காமராசர் முதலமைச்சராகி ஐந்து வாரத்தில், 1954 மே 18ஆம் நாள், அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. அதைக் கைவிடும் பொறுப்பு கல்வி அமைச்சரான சுப்பிரமணியத்தின்மேல் விழுந்தது. இராஜாஜியின் ஆளைக் கொண்டே இராஜாஜியின் திட்டத்தை எடுக்கச் செய்தார் காமராசர். அதன் பிறகு வந்தவைதான் 1956இன் மதிய உணவும் ஊர்தோறும் திறந்த பள்ளிக்கூடங்களும். அந்தப் பள்ளிகளைத் திறக்க நிதியையும் கல்வியையும் கையில் வைத்திருந்தவர் தோற்ற போட்டியாளர். 1963 அக்டோபரில் காமராசர் பதவி விலகியபோது முதலமைச்சராக வந்தவர் பக்தவத்சலம், அன்று எதிரணியில் நின்றவர். ஒன்பது ஆண்டு அந்த ஏற்பாடு உடையாமல் நின்றதற்குக் காரணம், எதிரிக்குக் கொடுத்தது பெயருக்கு ஒரு நாற்காலியாக இல்லாமல் முடித்துக் காட்ட வேண்டிய வேலையாக இருந்ததுதான்.

நேருவின் 1947 அமைச்சரவையிலும் இதன் தடம் தெரியும். நீதிக்கட்சிக்காரரான கோயம்புத்தூர் ஆர். கே. சண்முகம் செட்டியார் சுதந்திர இந்தியாவின் முதல் வரவு செலவுத் திட்டத்தை 1947 நவம்பர் 26ஆம் நாள் தாக்கல் செய்தார். காங்கிரசை வாழ்நாளெல்லாம் எதிர்த்த அம்பேத்கர் சட்ட அமைச்சராக இருந்து அரசமைப்புச் சட்டத்தை எழுதும் குழுவுக்குத் தலைமை தாங்கினார். இந்துச் சட்டத் தொகுப்பு மசோதாவை அரசு கைவிட்டபோது, 1951இல் அவர் விலகினார். அவர் வேலைக்காக வந்தவர். வேலையைச் செய்ய விடாதபோது வெளியேறினார்.

மலேசியத் தமிழரின் சொந்த அனுபவம் ஹிண்ட்ராஃப். 2007 நவம்பர் 25ஆம் நாள் கோலாலம்பூர் வீதியில் கண்ணீர்ப் புகைக்கும் தண்ணீர்ப் பீரங்கிக்கும் நடுவில் நின்ற இயக்கம் அது. அதன் தலைவர் வேதமூர்த்தி 2013 ஏப்ரல் 18ஆம் நாள் தேசிய முன்னணியோடு எழுத்து மூலம் ஒப்பந்தம் செய்தார். வெளியேற்றப்பட்ட தோட்டத் தொழிலாளரின் மேம்பாடு, நாடற்றோர் பிரச்சினை, கல்வி வாய்ப்பு, தொழில் வேலை வாய்ப்பு என்று தோட்டத்து மக்களின் பெயரைச் சொல்லியே எழுதப்பட்ட ஒப்பந்தம். பிரதமர் நஜிப் ரசாக் அவரைப் பிரதமர் துறையில் துணையமைச்சராக்கினார். வாக்குறுதிகள் நிறைவேறவில்லை என்று சொல்லி 2014 பிப்ரவரியில் வேதமூர்த்தி பதவி விலகினார். ஒன்பது மாதம்கூட முழுசாக ஓடவில்லை. எழுத்து இருந்தது, அதைச் செய்து முடிக்கும் அதிகாரம் உள்ள அமைச்சு இல்லை. 1954இல் சுப்பிரமணியத்துக்குக் கல்வியும் நிதியும் கிடைத்தன. 2013இல் வேதமூர்த்திக்குக் கிடைத்தது ஒரு மேசை.

இந்த ஒப்பீட்டில்தான் ஸாஹிட்டின் துறை முக்கியமாகிறது. துணைப் பிரதமர் பதவியோடு அவர் வாங்கிக்கொண்டது கிராமப்புற, வட்டார மேம்பாட்டு அமைச்சு. கிராமத்துச் சாலை, குடிநீர், மின்சாரம், வீடு எல்லாம் அந்த அமைச்சின் வேலை. தோட்டம் தனியார் நிலம் என்ற ஒரே காரணத்தால், சுதந்திரத்துக்குப் பின் வந்த கிராமப்புற மேம்பாட்டுத் திட்டங்கள் நெடுங்காலம் தோட்டத்து வேலிக்கு வெளியிலேயே நின்றன. பக்கத்துக் கம்போங்குக்குத் தார் போட்ட சாலை வந்தது. தோட்டத்து லயத்துக்கு மண் சாலைதான். ரப்பர் போய்ச் செம்பனை வந்து, தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது, வீடிழந்தவர் பட்டணத்து ஓரங்களுக்குப் போனார்கள். அவர்களைக் கிராமத்தாராகவும் யாரும் எண்ணவில்லை. எதிரிக்கு இந்த அமைச்சைக் கொடுத்த நாளில், வேலிக்கு உள்ளேயும் இந்தத் திட்டங்கள் வரவேண்டும் என்று ஒரு வரி எழுதி வாங்கியிருந்தால், அந்த நியமனத்துக்குக் காமராசர் அமைச்சரவையின் பக்கத்தில் ஓர் இடம் கிடைத்திருக்கும்.

அமைச்சரின் இனம் மட்டும் வேலையைச் செய்துவிடாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். குறைந்தபட்சச் சம்பளம் 2022 மே மாதம் 1,500 ரிங்கிட் ஆனபோது மனிதவள அமைச்சர் ம.இ.கா.வின் சரவணன். 2025 பிப்ரவரியில் அது 1,700 ரிங்கிட் ஆனபோது அமைச்சர் ஸ்டீவன் சிம். இரண்டு உயர்வும் செம்பனைத் தோட்டத்துத் தொழிலாளியின் கைக்கு வந்தன. 2025 டிசம்பரில் இரா. ரமணன் மனிதவள அமைச்சராக நியமிக்கப்பட்டதை வரவேற்பவர்கள், அவர் பெயரோடு சேர்த்து அந்த அமைச்சின் வேலைப் பட்டியலையும் கேட்டு வாங்க வேண்டும். தொழிலாளர் குடியிருப்புக்கான 1990ஆம் ஆண்டுச் சட்டம் அந்த அமைச்சின் கையில்தான் இருக்கிறது.

மலாக்காவிலேயே ஒரு சிறு தொடக்கம் உண்டு. 2023 மார்ச் 31ஆம் நாள் முதலமைச்சரான அம்னோவின் அப் ரவூப் யூசோ, ஜ.செ.க.வின் கெசிடாங் சட்டமன்ற உறுப்பினரை ஆட்சிக்குழுவில் சேர்த்துக்கொண்டார். 28இல் 21 இடங்கள் கையில் வைத்திருந்தவருக்கு ஆட்சி நடத்த அந்த ஒருவரின் தலை தேவைப்படவில்லை. கோலாலம்பூர்க் கூட்டணியின் ஏற்பாடு மாநிலத்துக்கும் வந்தது என்று அதைச் சொல்லலாம். ஆனாலும் அது தலைக்காசு இல்லாத நியமனம். அந்தச் சட்டமன்றத்தின் ஐந்தாண்டுத் தவணை முடிந்து, நேற்றுவரை ஒருவரையொருவர் திட்டியவர்கள் ஒரே மேடையில் நின்று வாக்குக் கேட்க வருவார்கள். செர்காமிலும் மெர்லிமாவிலும் ஜாசினிலும் உள்ள தமிழர் அவர்களிடம் கேட்க வேண்டியவை மூன்றே விவரங்கள்: கிராமப்புற மேம்பாட்டு ஒதுக்கீட்டில் ஜாசின் மாவட்டத்துத் தோட்டங்களுக்கு உள்ளே எத்தனை சாலை, எத்தனை வீடு, 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி எத்தனை தோட்டங்களில் குடியிருப்பு பரிசோதிக்கப்பட்டது, இவற்றுக்குப் பொறுப்பான ஆட்சிக்குழு உறுப்பினர் யார். விடைகளை எழுத்தில் வாங்கி, தோட்டத்துக் கோயில் வாசலிலும் தமிழ்ப்பள்ளி அறிவிப்புப் பலகையிலும் ஒட்டிவைக்க வேண்டும்.